ஒரே படம், ஏழு ஃபோல்டர்

(செஞ்சியில் நடந்த சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செஞ்சிக்கு வந்துவிட்டு ராஜகிரியைப் பற்றிப் பேசாமல் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிப் பேசுகிறானே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்றைய பொதுக்குழுவின் ஆறாவது தீர்மானம் அப்படி. "சங்கக் கம்ப்யூட்டரில் இடம் போதாமையால், ஒன்றுக்கு மேற்பட்டு உள்ள ஃபைல்களை அழித்துவிடுவது" என்று அச்சடித்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அது ஓட்டெடுப்புக்கு வருகிறது. செயலாளர் போன் பண்ணி, "நீதானேப்பா அந்த லைன்ல வேலை பாக்கிற, வந்து இருபது நிமிஷம் எல்லாருக்கும் புரியுற மாதிரி சொல்லிட்டுப் போ" என்றார். அதனால்தான் நிற்கிறேன்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீர்மானத்தில் "அழித்துவிடுவது" என்ற சொல்லை எடுத்துவிட்டு "ஒன்றுசேர்ப்பது" என்று போட வேண்டும். அதற்கும் முன்னால், மொத்த டிஸ்க்கின் நகல் ஒன்று இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போக வேண்டும். ஏன் என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. பழைய ஆண்டு மலர்களின் ஸ்கேன், ஒவ்வொரு பேட்ச்சின் குரூப் போட்டோ, விளையாட்டு விழா, நாடகம், ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் பிரிவு உபசார விழா. அப்புறம் கோட்டைக்குப் போய் எடுத்த படங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 11 மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று நம் செஞ்சி. அந்தச் செய்தி வந்த பிறகு கோட்டைக்குப் போகாத பேட்ச்சே இல்லை. கல்யாண மகாலுக்கு முன்னால் நின்று படம் எடுக்காதவரும் இல்லை.

படம் எடுத்தது ஒரே கேமரா. ஆனால் அந்தப் படங்கள் ஆறு பென் டிரைவில் ஏறி, ஆறு பேர் வீட்டுக்குப் போய், ஆறு பேரும் "சங்கத்துக்குக் கொடுக்கணுமே" என்ற நல்லெண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். வாங்கி வைத்தவர் எதையும் திறந்து பார்க்கவில்லை. "கோட்டை", "கோட்டை புதுசு", "கோட்டை ஃபைனல்", "கோட்டை ஃபைனல் 2" என்று ஃபோல்டர் போட்டு வரிசையாக ஏற்றிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. நகல் எடுப்பது பயத்தில் வருகிற பழக்கம். தொலைந்துபோனால் என்ன செய்வது என்று நினைக்கிற ஆள்தான் இரண்டாவது நகல் எடுக்கிறான். அந்தப் பயம் நியாயமானது. கேள்வி, அவன் எடுத்த நகல் அந்தப் பயத்தைத் தீர்க்கிறதா என்பதுதான்.

கோட்டையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ராஜகிரியின் அடிவாரத்தில் பெரிய பெரிய தானியக் களஞ்சியங்கள். மலை உச்சிக்கு மூச்சிரைக்க ஏறிப் போனால் அங்கேயும் ஒரு களஞ்சியம். எதிர்ப்பக்கம் கிருஷ்ணகிரியிலும் களஞ்சியங்கள், எண்ணெய் ஊற்றி வைக்கும் தொட்டிகள். கீழே கோட்டை விழுந்தாலும் மேலே உள்ளவன் சாப்பிடணும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1690-ல் முற்றுகையைத் தொடங்கிய மொகலாயப் படைக்கு 1698 வரை கோட்டை கைக்கு வரவில்லை என்றால் அதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணமாக இருந்திருக்கும். நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். இரண்டு களஞ்சியமும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இல்லை. நம் சங்க டிஸ்க்கில் ஏழு நகலும் ஒரே டிஸ்க்குக்குள் இருக்கின்றன. அந்த டிஸ்க் செத்தால் ஏழும் சேர்ந்து சாகும். ஏழு நகல் வைத்திருந்தும் நமக்குப் பாதுகாப்பும் இல்லை, இடமும் இல்லை.

சரி, இரட்டிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் எனக்குப் பயம். "பேரைப் பார்த்து அழிச்சிடலாமே சார்" என்று ஒரு தம்பி காலையில் சொன்னார். பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது, தம்பி. டிஜிட்டல் கேமராக்கள் படத்துக்கு எழுத்தும், பின்னால் நான்கு இலக்க எண்ணும் கொண்ட பெயர் வைக்கும். 9999 வந்ததும் மறுபடி 0001-க்குத் திரும்பிவிடும். ஒரே கேமராவில் சில வருடம் படம் எடுத்தவரிடம், பெயர் ஒன்றாகவும் படம் வேறாகவும் உள்ள ஃபைல்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று மகள் கல்யாணம், ஒன்று பேரன் காதுகுத்து.

நம் டிஸ்க்கிலேயே காட்டுகிறேன். பழைய குரூப் போட்டோக்களை ஸ்கேன் செய்த புண்ணியவான் இரண்டு ஃபோல்டர் வைத்திருக்கிறார். இரண்டிலும் "குரூப் 1", "குரூப் 2" என்று அதே பெயர்கள். திறந்து பார்த்தால் ஒரு ஃபோல்டரில் போட்டோவின் முன்பக்கம், இன்னொன்றில் பின்பக்கம். பின்பக்கத்தில் யாரோ ஒருவர் அழகான கையெழுத்தில், நிற்பவர்கள் இடமிருந்து வலம், அமர்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலம் என்று எல்லாப் பெயரையும் மையால் எழுதி வைத்திருக்கிறார். அந்த வரிசையில் நிற்கும் சிலர் இப்போது நம்முடன் இல்லை. பெயரைப் பார்த்து அழித்திருந்தால் முகங்கள் மிஞ்சும், பெயர்கள் போயிருக்கும். தேதியை நம்புவதும் இதே கதிதான். ஃபைலைக் காப்பி செய்தாலே சில தேதிகள் மாறிவிடும்.

அப்போ எதை நம்புவது? உள்ளே இருப்பதை. அதற்கு ஒரு நல்ல முறை இருக்கிறது, அதில் முக்கால்வாசி சாதாரண அறிவுதான். முதலில் அளவைப் பார்க்கணும். இரண்டு ஃபைலின் பைட் எண்ணிக்கை வேறு என்றால் அவை ஒன்றாக இருக்கவே முடியாது, திறந்து பார்க்கிற வேலையே மிச்சம். பெரும்பாலான ஃபைல்கள் இந்த முதல் வடிகட்டலிலேயே கழன்றுகொள்ளும். அளவு ஒன்றாக உள்ளவற்றில் ஆரம்பத்துச் சில ஆயிரம் பைட்டை மட்டும் படித்து ஒப்பிடணும். அதிலும் ஒத்துப்போனால் முழு ஃபைலையும் படித்து அதற்கு ஒரு கைநாட்டு எடுக்கணும். பத்திரப்பதிவு ஆபீஸில் கட்டைவிரல் வைக்கிறோமே, அது மாதிரி. ஃபைல் எவ்வளவு பெரிதானாலும் அதிலிருந்து கணக்குப் போட்டுச் சின்னதாக ஒரு எண் வரும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இதை ஹாஷ் என்பார்கள்.

எந்தக் கைநாட்டை நம்புவது என்பதும் முக்கியம். எம்.டி.5 என்ற முறையில், வேறு வேறு ஃபைலுக்கு ஒரே கைநாட்டு வரும்படி செய்ய முடியும் என்று 2004-ல் சீன ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அடுத்து வந்த ஷா-1 கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமிலுள்ள சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனமும் கூகுளும் சேர்ந்து, உள்ளடக்கம் வேறு, ஷா-1 கைநாட்டு ஒன்று என்று இரண்டு பி.டி.எஃப்.களை வெளியிட்டார்கள். அதன் பின்னர் நடந்ததுதான் வேடிக்கை. வெப்கிட் என்ற பிரவுசர் மென்பொருளை எழுதுகிறவர்கள், சோதனைக்காக அந்த இரண்டு பி.டி.எஃப்.களையும் தங்கள் சப்வெர்ஷன் களஞ்சியத்தில் போட்டார்கள். ஷா-1 ஒன்றாக இருந்தால் ஒரே நகலை வைத்துக்கொண்டு இடத்தை மிச்சம் பிடிக்கும் வசதி அந்தக் களஞ்சியத்தில் இருந்தது. அது இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டது. களஞ்சியமே சிக்கிக்கொண்டு நின்றது. இரட்டிப்பைச் சேர்க்கப் போய் உலகம் அறிந்தவர்களே சிக்கிய கதை இது.

நம் கல்யாண போட்டோவில் யாரும் இப்படிச் சதி செய்யப் போவதில்லை. ஆனாலும் ஷா-256 போட்டு, கடைசியாக ஒருமுறை பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டுவிட்டால் எந்தச் சந்தேகமும் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: இதை பைதானில் முப்பது நாற்பது வரியில் எழுதிவிடலாம். அளவை வைத்து ஒரு டிக்ஷனரி, அதற்குள் ஹாஷை வைத்து இன்னொன்று. வேறு யாரோ எழுதியதை டவுன்லோட் செய்து புராஜெக்ட் கொடுப்பதை விட இதைச் சொந்தமாக எழுதிப் பாருங்கள். இதை லேசாக நினைக்க வேண்டாம். இரட்டிப்பை நீக்கிச் சேமிக்கும் கருவிகளை விற்ற டேட்டா டொமைன் என்ற கம்பெனியை 2009-ல் இ.எம்.சி. வாங்கியபோது கொடுத்த விலை ஏறக்குறைய 210 கோடி டாலர்.

இனி எதிர்ப்பக்கம். நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து, கம்ப்யூட்டருக்கு வேறாகத் தெரிபவை. இதில் தமிழர்களாகிய நமக்கு அனுபவம் அதிகம். சாதாரண உதாரணம் வாட்ஸ்அப். நீங்கள் அனுப்பிய படத்தை அது சுருக்கி, எடுத்த தேதி முதலிய குறிப்புகளைக் கழற்றிவிட்டுத்தான் கொடுக்கும். கேமராவிலிருந்து வந்ததும் வாட்ஸ்அப்பில் வந்ததும் ஒரே படமாகத் தெரியும், ஆனால் பைட் வேறு, கைநாட்டு வேறு. மென்பொருள் அவற்றை இரட்டிப்பு என்று சொல்லாது, சொல்லவும் கூடாது. "ஏறக்குறைய ஒரே படம்" என்று தேடிக் கொடுக்கும் மென்பொருள்களும் உண்டு. அவை கொடுக்கும் பட்டியலை மனிதர் ஒருவர் உட்கார்ந்து பார்க்கணும். தானாக அழிக்க விட்டால் சுருங்கிய படம் மிஞ்சி, அசல் போய்விடும். தயவுசெய்து இனிமேல் சங்கத்துக்குப் படம் அனுப்புகிறவர்கள் வாட்ஸ்அப்பில் "டாக்குமென்ட்" என்று சேர்த்து அனுப்புங்கள். அப்படிச் செய்தால் பைட் மாறாமல் வரும்.

எழுத்து விஷயம் இன்னும் சுவாரஸ்யம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகெங்கும் உள்ள தமிழர்கள் கூலி வாங்காமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அப்போது திஸ்கி என்ற குறியீட்டில் வந்தது, பிறகு யூனிகோடிலும் வந்தது. ஒரே நூல் திஸ்கியில் ஒரு ஃபைல், யூனிகோடில் ஒரு ஃபைல், அப்புறம் பி.டி.எஃப். படிக்கிறவனுக்கு ஒரே திருக்குறள், கம்ப்யூட்டருக்கு எந்த இரண்டும் ஒன்று இல்லை. "கோட்டை" என்ற சொல் திஸ்கியில் 6 பைட், யூனிகோடில் வழக்கமான முறையில் 18 பைட்.

அதை விட வினோதம் யூனிகோடுக்குள்ளேயே இருக்கிறது. "கோ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின்னால் ஓகாரக் குறியை ஒரே எண்ணாக வைப்பது ஒன்று. ஒற்றை எண்ணுக்குப் பதில் இரட்டைச்சுழிக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு எண்ணாக வைப்பது இன்னொன்று. திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. பைட் கணக்கில் முதலாவது 18, இரண்டாவது 21. பழைய ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்கள் ஃபைல் பெயரை இந்த இரண்டாவது முறையில் பிரித்து வைக்கும். அதில் ஜிப் செய்த ஃபோல்டரை விண்டோஸில் பிரித்தால் என்ன ஆகும்? நம் டிஸ்க்கில் ஆகியிருக்கிறது. "செஞ்சிக் கோட்டை" என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர், ஒரே இடத்தில், அடுத்தடுத்து. ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் வைக்க விண்டோஸ் விடாதே என்று கம்ப்யூட்டர் தெரிந்தவர்களே தலையைச் சொறிகிறார்கள். அதற்கு அவை ஒரே பெயர் இல்லை, அவ்வளவுதான். நல்ல வேளையாக உள்ளே உள்ள படங்களின் கைநாட்டு பெயரைப் பொருட்படுத்தாது. அதனால் இரட்டிப்பு பிடிபட்டுவிடும்.

இங்கே சுவடிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லை. நம் பக்கத்துப் புதுச்சேரியில், பிரெஞ்சு நிறுவனம் உள்ளிட்ட இடங்களில் சுமார் 11,000 சைவச் சுவடிகள் இருக்கின்றன. 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியவை. ஒரே ஆகமத்துக்குப் பல பிரதிகள் உண்டு. அங்கே போய், "இரட்டிப்பா இருக்குதே, ஒண்ணை வெச்சிக்கிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டா அலமாரி காலியாகுமே" என்று சொன்னால் துரத்தியடிப்பார்கள். கையால் பெயர்த்து எழுதியது எதுவும் முழு நகல் ஆகாது. ஓரிடத்தில் எழுத்து விட்டிருக்கும், ஓரிடத்தில் வரி கூடியிருக்கும். உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது பல ஏடுகளை ஒப்பிட்டுத்தான். கம்ப்யூட்டர் எடுக்கும் நகல் அப்படி அல்ல. அசலுக்கும் நகலுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது, எது அசல் என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை. அதனால்தான் இதைத் துணிந்து ஒன்றுசேர்க்கலாம் என்கிறேன். ஆனால் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருப்பதை மட்டும். ஸ்கேன் செய்த இரண்டு தாள் பார்க்க ஒன்று போல இருந்தால் அவை ஏட்டுப் பிரதி மாதிரி, தொடவே கூடாது.

ஒன்றுசேர்ப்பது என்றால் என்ன? ஃபைலின் பெயர் வேறு, ஃபைல் வேறு. இது புரிந்தால் மிச்சம் எல்லாம் புரிந்த மாதிரி. டிஸ்க்கில் ஓரிடத்தில் படத்தின் பைட்கள் இருக்கின்றன. ஃபோல்டர் என்பது வெறும் பெயர்ப் பட்டியல். இந்தப் பெயர் வந்தால் அந்த இடத்துக்குப் போ என்று அதில் எழுதியிருக்கும். ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் வைக்கலாம். வீடு ஒன்று, வாசல் இரண்டு. கிழக்குத் தெருவிலிருந்தும் நுழையலாம், மேற்குத் தெருவிலிருந்தும் நுழையலாம். இதற்கு ஹார்ட் லிங்க் என்று பெயர். 1970-களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் யூனிக்ஸ் உருவானபோதே வந்துவிட்ட விஷயம். ஒரு வாசலை அடைத்தால் வீடு இடியாது. கடைசி வாசலையும் அடைத்தால்தான் அந்த இடம் காலி என்று கணக்கில் வரும். டெஸ்க்டாப்பில் வைக்கிற ஷார்ட்கட் இது அல்ல. ஷார்ட்கட் தெருமுனையில் வைத்த கைகாட்டிப் பலகை மாதிரி. வீட்டை இடித்தாலும் பலகை நின்றுகொண்டிருக்கும், நம்பிப் போனவன் வெட்டவெளியில் நிற்பான்.

ஏழு ஃபோல்டரில் உள்ள ஒரே படத்தை இப்படிச் சேர்த்தால், ஏழு ஃபோல்டரும் இருந்த மாதிரியே இருக்கும். "1988 பேட்ச்" என்ற ஃபோல்டரில் தேடுகிறவருக்கும் கிடைக்கும், "நாடகம்" என்ற ஃபோல்டரில் தேடுகிறவருக்கும் கிடைக்கும். பைட்கள் ஓரிடத்தில் மட்டும். அழிப்பதை விட இது மேல் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அழித்தால், யாரோ யோசித்து அடுக்கிய அடுக்கு கலைந்துபோகும். ஒரு படம் எந்தெந்த ஃபோல்டரில் இருந்தது என்பதும் ஒரு தகவல்தானே?

விண்டோஸ் என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கில் இது நடக்கும்; ஒரு ஃபைலுக்கு 1024 பெயர் வரை வைக்கலாம். விண்டோஸே தன் சிஸ்டம் ஃபைல்களுக்கு இதைத்தான் செய்கிறது. பென் டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட் 32, எக்ஸ்ஃபேட் அமைப்பில் இது முடியாது. ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கும் முடியாது. ஒரே வீட்டுக்குத்தானே இரண்டு வாசல், ஊர் விட்டு ஊர் வாசல் வைக்க முடியுமா? சேர்த்த பிறகு ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸைப் பார்த்து "இடமே குறையலியே" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அது ஒவ்வொரு வாசலையும் ஒரு வீடாக எண்ணும். டிஸ்க்கின் மொத்தக் காலி இடத்தைத்தான் பார்க்கணும். அதே போல, சேர்த்த ஃபோல்டர்களைச் சாதாரணமாக வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்தால் ஏழு வாசலும் மறுபடி ஏழு வீடாகிவிடும். ஆர்சிங்க் மாதிரி லிங்க்கைக் காப்பாற்றும் கருவிக்கு அதற்கென்று தனியாகச் சொல்லணும்.

ஆபத்தும் உண்டு, மறைக்கவில்லை. வீடு ஒன்று என்பதால், ஒரு வாசல் வழியாகப் போய்ச் சுவருக்கு வேறு கலர் அடித்தால் மறு வாசலில் வருகிறவனுக்கும் அதே கலர்தான். ஒருவர் "நாடகம்" ஃபோல்டரில் படத்தைத் திறந்து, தன் முகம் மட்டும் வரும்படி வெட்டி, அப்படியே சேவ் பண்ணினால் மற்ற ஆறு ஃபோல்டரிலும் அவர் முகம் மட்டும்தான். சில மென்பொருள்கள் சேவ் செய்யும்போது புது ஃபைல் எழுதிப் பெயரை மாற்றி வைக்கும். அப்போது லிங்க் அறுந்து, அந்த ஒன்று மட்டும் தனியாகிவிடும். எது எப்படி நடந்துகொள்ளும் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே சேர்த்தவற்றை எல்லாம் எழுத முடியாதபடி, படிக்க மட்டும் என்று பூட்டிவிடணும். வெட்டணும் என்கிறவர் தனி நகல் எடுத்துக்கொண்டு போய் வெட்டட்டும். இன்றைக்கு பி.டி.ஆர்.எஃப்.எஸ்., எக்ஸ்.எஃப்.எஸ்., 2017-ல் வந்த ஆப்பிளின் ஏ.பி.எஃப்.எஸ். ஆகியவற்றில், இடத்தைப் பகிர்ந்துகொண்டு, ஒருவர் மாற்றும்போது அவருக்கு மட்டும் தனி இடம் கொடுக்கும் வசதி இருக்கிறது. அது இன்னும் நல்லது. ஆனால் நம் சங்கக் கம்ப்யூட்டர் விண்டோஸ், இருப்பதை வைத்துத்தான் பேச முடியும்.

நான் டிஸ்க்கில் கை வைக்கவில்லை. அறிக்கை மட்டும் எடுத்துப் பார்த்தேன். எண்ணிக்கையில் இரட்டிப்பு அதிகம் போட்டோக்களில். ஆனால் இடத்தைப் பிடித்திருப்பது அவை அல்ல. ஆண்டு விழா வீடியோக்கள், விரல் விட்டு எண்ணிவிடலாம், அவைதான் நாலைந்து நகலாக உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் சிலவற்றைச் சேர்த்தாலே நமக்கு வேண்டிய இடம் முக்கால்வாசி வந்துவிடும். ஸ்கேன் செய்த மலர்களும் கடிதங்களும் மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு வீடியோ அளவுக்கு வராது. அவற்றில் கை வைத்து எதையாவது இழக்க வேண்டிய அவசியமே இல்லை. சி டிரைவில் உள்ள புரோகிராம் ஃபோல்டர்களையும் தொட வேண்டாம். அங்கே ஒரே ஃபைல் பல இடத்தில் இருப்பதற்கு அதனதன் காரணம் உண்டு.

கடைசியாக, ஒன்றுசேர்த்தது பாதுகாப்பு ஆகாது. ஏழு பெயர் இருந்தாலும் இனி பைட்கள் ஓரிடத்தில்தான். அந்த இடத்தில் டிஸ்க் கெட்டால் ஏழு பெயரும் ஒரே நேரத்தில் கெடும். முன்பு தற்செயலாகவாவது இன்னொரு நகல் டிஸ்க்கின் வேறு மூலையில் தப்பியிருக்கும். சேர்த்த பிறகு அந்த அதிர்ஷ்டமும் கிடையாது. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் வெளி நகல், அது ஒழுங்காகத் திறக்கிறதா என்ற சோதனை, அப்புறம்தான் சேர்ப்பு. வெளி நகல் என்றால் அதே பீரோவில் கீழ்த்தட்டு அல்ல. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது ஞாபகம் இருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். பீரோவின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே தண்ணீரில்தான் இருந்தன. ஒரு நகல் சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள உறுப்பினர் வீட்டில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்துத் திறந்து பார்க்கட்டும்.

ஆகவே பொதுக்குழுவுக்கு என் வேண்டுகோள்: புது டிஸ்க் ஒன்று வாங்க அனுமதி கொடுங்கள். "இடம் மிச்சம் பண்ண வழி சொல்லுன்னு கூப்பிட்டா செலவு சொல்றானே" என்று பொருளாளர் அண்ணன் முறைக்கிறார், தெரிகிறது. சேர்த்து முடித்த பிறகு இப்போதுள்ள டிஸ்க்கே இன்னும் பல வருடத்துக்குப் போதும் அண்ணே. புதிதாக வாங்குவது வெளியூருக்குப் போகத்தான்.

இன்னொன்று. பின்பக்கம் ஸ்கேன் ஆகாத குரூப் போட்டோக்கள் சில இருக்கின்றன. அசல் எங்கே என்று தெரியவில்லை, பெயர்களும் இல்லை. அவற்றைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்து, வாசலுக்கு வலப்பக்கம் உள்ள மேசையில் வைத்திருக்கிறேன். சாப்பிட்டு வந்ததும் ஆசிரியர்களும் மூத்த பேட்ச் அண்ணன்மார்களும் தயவுசெய்து வந்து பார்க்கணும். அடையாளம் தெரிகிற முகத்துக்கு நேராகப் பெயர் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஒரே முகத்துக்கு இரண்டு பேர் வேறு வேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், எதையும் அடிக்க வேண்டாம். பென்சில் மேசையிலேயே இருக்கிறது.